குரலுக்கு உரியவர் யார்?

மேடையில் நிற்பவரை உலகம் காண்கிறது. திரைக்குப் பின்னால் நிற்பவரை அது காண்பதில்லை. இஃது இயல்பே. ஆயினும், காணப்படாத காரணத்தால் ஒருவர் இல்லாதவர் ஆகிவிடுவாரா? ஒருவருடைய உழைப்பைப் பெற்று, அதற்குரிய கூலியையும் கொடுத்துவிட்டு, அவருடைய பெயரை மட்டும் மறைத்துவிட்டால் அது குற்றமாகுமா? கூலியோடு கடமை தீர்ந்துவிடுகிறதா?

அறநூல் கற்போர் மட்டுமே ஆராய வேண்டிய வினாவன்று இது. பலர் கூடி ஒரு செயலைச் செய்யும் இடமெல்லாம் இவ்வினா எழும். பலர் கூடிச் செய்யும் கலைகளுள் திரைப்படத்திற்கு ஒப்பானது வேறில்லை. 1951ஆம் ஆண்டில் ஹாலிவுட் திரையுலகில் உருவான ஓர் இசைப்படம் இவ்வினாவையே தன் கதைக்கு மையமாகக் கொண்டது. அதற்குச் சரியான விடையையும் கதைக்குள் கூறியது. ஆனால், அப்படம் உருவாக்கப்பட்ட முறையோ அவ்விடைக்கு நேர்மாறாக இருந்தது. சொல்லுக்கும் செயலுக்கும் இடையே நேர்ந்த அவ்விடைவெளி ஆராயத்தக்கது.

படமும் அதன் கதையும்

‘சிங்கிங் இன் தி ரெய்ன்’ என்பது அப்படத்தின் பெயர். ‘மழையில் பாடுதல்’ என்பது அதன் பொருள். மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனத்தில் இசைப்படங்கள் பலவற்றை உருவாக்கிய ஆர்தர் ஃபிரீட் அதன் தயாரிப்பாளர். நடிகரும் நடனக் கலைஞருமான ஜீன் கெல்லியும், ஸ்டான்லி டோனனும் இணைந்து இயக்கினர். ஃபிரீட், தயாரிப்பாளர் ஆவதற்கு முன்னர்ப் பாடலாசிரியராக விளங்கியவர். நேசியோ ஹெர்ப் பிரவுன் என்னும் இசையமைப்பாளரோடு சேர்ந்து அவர் முற்காலத்தில் இயற்றிய பாடல்கள் கையிருப்பில் இருந்தன. அவற்றைக் கோத்துக் கதை அமைக்கும் பணி பெட்டி காம்டன், அடால்ஃப் கிரீன் என்னும் எழுத்தாளர் இருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பாடல் முன்னர்ப் பிறந்தது. கதை பின்னர்ப் பிறந்தது. அப்பாடல்களுட் பல, பேசும்படம் தோன்றிய காலத்தவை. தலைப்புப் பாடலே 1929ஆம் ஆண்டுப் படமொன்றில் இடம்பெற்றதுதான். ஆதலின், கதையையும் அக்காலத்திலேயே நிகழ்த்த அவ்விருவரும் முடிவு செய்தனர்.

கதை 1927ஆம் ஆண்டில் தொடங்குகிறது. ‘த ஜாஸ் சிங்கர்’ என்னும் படம் அவ்வாண்டு அக்டோபரில் வெளிவந்து, திரையில் பேச்சையும் பாட்டையும் கேட்கும் ஆவலை மக்களிடம் மூட்டியது. ஊமைப்படக் காலத்தில் அழகால் புகழ்பெற்ற லினா லாமண்ட் என்னும் நடிகைக்குக் குரல் இனிமையில்லை. கேட்போர் காதைப் பொத்திக்கொள்ளும் கீச்சுக்குரல். படத்தைக் காப்பாற்ற வேண்டிக் கேத்தி செல்டன் என்னும் இளம்பெண் திரைக்குப் பின்னாலிருந்து லினாவுக்காகப் பேசுகிறாள், பாடுகிறாள். படம் வெற்றி பெறுகிறது. கேத்தியின் பெயர் வெளியே தெரியக் கூடாது என்றும், அவள் என்றென்றும் தனக்குக் குரலாகவே இருக்க வேண்டும் என்றும் லினா அடம்பிடிக்கிறாள். இறுதியில், திரையரங்கில் மக்கள் முன்னே லினா பாடுவதுபோல் வாயசைத்துக்கொண்டிருக்கும்போது பின்திரை உயர்த்தப்படுகிறது. ஒலிவாங்கியின் முன் நின்று பாடிக்கொண்டிருக்கும் கேத்தியை எல்லாரும் காண்கின்றனர். நாணமுற்று ஓடும் அவளைக் கதைத்தலைவன் தடுத்து நிறுத்தி, இன்று நீங்கள் கேட்டு மகிழ்ந்த குரலுக்கு உரியவள் இவளே என்று மக்களுக்கு அறிவிக்கிறான். படத்தின் கடைசிக் காட்சியில் ஒரு பெரிய விளம்பரப் பலகை நிற்கிறது. அதில் கேத்தியின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது.

கேத்திக்குக் கூலி உயர்ந்ததாகக் கதை முடியவில்லை. பெயர் கிடைத்ததாக முடிகிறது. உழைத்தவருக்கு உரிய நீதி, அவர் இன்னார் என உலகம் அறிவதே என்பது அப்படத்தின் தீர்ப்பு. இக்கதை வெறுங்கற்பனையும் அன்று. 1929ஆம் ஆண்டில் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் பிரிட்டனில் இயக்கிய ‘பிளாக்மெயில்’ படத்தின் நாயகி ஆனி ஆண்ட்ரா, செக் மொழிச் சாயலோடு ஆங்கிலம் பேசுபவர். ஆகவே, ஜோன் பேரி என்னும் நடிகை படப்பிடிப்பின்போதே காட்சிக்கு அப்பால் நின்று உரையாடலைப் பேச, ஆண்ட்ரா வாயை மட்டும் அசைத்தார்.

திரைக்குப் பின்னே மற்றொரு திரை

இனி, அப்படம் உருவான வரலாற்றுக்கு வருவோம். கேத்தியாக நடித்த டெபி ரெனால்ட்சுக்கு அப்போது வயது 19. அவர் நடனத்தில் தேர்ச்சி பெற்றவர் அல்லர். அவரோடு ஆட வேண்டிய கெல்லியும் டோனால்ட் ஓ’கானரும் இளமை முதல் மேடையில் பழகியவர்கள். குறுகிய காலத்தில் அவர்களுக்கு ஈடாக ஆடும்படி அப்பெண் பழக்கப்பட்டார். கெல்லி கடுமையான ஆசான். ஒருநாள் ரெனால்ட்ஸ் பியானோவின் அடியில் ஒளிந்து அழுதுகொண்டிருந்தபோது, புகழ்பெற்ற நடனக் கலைஞரான ஃபிரெட் அஸ்டேர் அவரைக் கண்டார். அவர் அறிவுரை எதுவும் நீட்டி முழக்கவில்லை. தம் பயிற்சிக் கூடத்திற்கு அழைத்துச் சென்று, தாம் வியர்வை சிந்தி உழைப்பதைப் பார்க்கச் செய்தார். இத்துணைப் பெருங்கலைஞரும் இத்துணைப் பாடுபட வேண்டியிருக்கிறது என்பதை அப்பெண் கண்ணால் கண்டு தேறினார். ஆசிரியர் என்போர் எண்ணிப் பார்க்க வேண்டிய நிகழ்ச்சி அது.

மூவரும் ஆடும் ‘குட் மார்னிங்’ பாடலின் படப்பிடிப்பு காலையில் தொடங்கி இரவு நெடுநேரம்வரை நீடித்தது. முடிவில் ரெனால்ட்சின் பாதங்களில் குருதி கசிந்தது. அப்படத்தில் நடித்ததும் மகப்பேறும் தம் வாழ்வின் இரு பெருந்துன்பங்கள் என அவர் பிற்காலத்தில் குறிப்பிட்டார். தாம் அப்பெண்ணிடம் கனிவோடு நடந்துகொள்ளவில்லை என்பதைக் கெல்லியும் பின்னாளில் ஒப்புக்கொண்டார். கெல்லி தம்மையும் விட்டுவைத்தவர் அல்லர். உலகம் போற்றும் அந்த மழை நடனத்தை அவர் ஆடியபோது அவர் உடலில் 103 பாகை பாரன்ஹீட் காய்ச்சல். மழை குழாய்களிலிருந்து பெய்தது. இரவு, பகலில் தெருவின்மேல் விரிக்கப்பட்ட கருந்துணியால் உண்டாக்கப்பட்டது.

இத்துன்பங்கள் பெரியவை. ஆயினும், இவற்றிற்கு ஈடாக ஒன்று கிடைத்தது. கெல்லியின் காய்ச்சலும் ரெனால்ட்சின் குருதியும் அவரவர் பெயருக்குப் புகழாயின. அப்புகழ் இன்றளவும் நிற்கிறது. அமெரிக்கத் திரைப்படக் கழகம் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறந்த இசைப்படங்களின் வரிசையில் இப்படத்திற்கே முதலிடம் தந்தது.

அப்படத்தின் மையத்தில் இருக்கும் குரலுக்கு நேர்ந்தது வேறு. கேத்தி, லினாவுக்காகப் பாடுவதாக வரும் ‘வுட் யூ’ என்னும் பாடலில் ஒலிப்பது ரெனால்ட்சின் குரல் அன்று; பெட்டி நோயிஸ் என்னும் பாடகியின் குரல். ஒருத்திக்காக மற்றொருத்தி குரல் கொடுக்கும் காட்சியில், அக்குரல் கொடுப்பவளுக்கே வேறொருத்தி குரல் கொடுத்தாள். படத்தின் முகப்பில் நோயிசின் பெயர் இல்லை.

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. கேத்தி, லினாவுக்காக உரையாடல் பேசும் காட்சியில் கேட்கும் இனிய குரல் யாருடையது? லினாவாக நடித்த ஜீன் ஹேகனுடையதே. ஹேகனின் இயற்கைக் குரல் கீச்சுக்குரல் அன்று. ஆழமும் பண்பட்ட ஒலிப்பும் உடையது. நடிப்பாற்றலால் தம் குரலைக் கெடுத்துப் பேசி லினாவுக்கு உயிர்கொடுத்த அவர், தம் உண்மைக் குரலைக் கேத்தியின் உதடுகளுக்கு அளித்தார். கதையில் குரலைத் திருடுபவள், நடப்பில் குரலை ஈந்தவள். கதையில் குரலை இழந்தவள், நடப்பில் குரலைப் பெற்றவள். ஹேகன் அவ்வேடத்துக்காக ஆஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார், விருது கிட்டவில்லை. பார்த்தவர்களுள் பெரும்பாலோர் கீச்சுக்குரலையே ஹேகனின் குரலாக நினைவில் கொண்டனர்.

பின்திரை உயர்ந்து உண்மை வெளிப்பட்ட பின்னர் என்ன நிகழ்கிறது? கதைத்தலைவன் கேத்தியை நோக்கிப் பாடுகிறான். அவளும் உடன் பாடுகிறாள். குரலுக்கு உரியவள் இவளே என உலகறிய முழங்கப்பட்ட அந்நொடியில் அவள் வாயிலிருந்து எழும் பாட்டும் பெட்டி நோயிசுடையதே. ஒரு திரை உயர்ந்தது. அதற்குப் பின்னே இருந்த மற்றொரு திரை உயரவில்லை.

கூலியும் பெயரும்

இதில் யாரைக் குற்றம் சொல்வது? 19 வயதுப் பெண்ணையா? அவர் நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் கட்டுண்டவர். தம் குரல் மாற்றப்படுவதைத் தடுக்கும் நிலையில் இருந்தவர் அல்லர். இயக்குநர்களையா? பாடுவோரின் பெயரை வெளியிடாமை அக்கால ஹாலிவுட் வழக்கம். ஒவ்வொருவரும் தமக்கு முன்னிருந்தோர் செய்தவாறே செய்தனர். தீய எண்ணம் எவரிடமும் இருந்ததாகக் கூறுவதற்கில்லை. ஆயினும், ஒருவருக்கு உரியது அவரிடம் சேரவில்லை. வழக்கம் என்னும் போர்வைக்குள் நிகழும் தவறுகளுக்கு இதுவே இயல்பு. செய்தவர் எவர் எனத் தேடினால் எவரும் அகப்படார். இழந்தவர் மட்டும் இருப்பார்.

இவ்வழக்கத்திற்கு ஆதரவாக மூன்று வாதங்கள் எழலாம். மூன்றையும் நேர்மையோடு ஆராய்தல் வேண்டும்.

முதலாவது, ஒப்பந்த வாதம். பாடகி கூலி பெற்றார், பெயர் வராது என அறிந்தே பாடினார், பிறகென்ன குறை? இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. மனமொத்துச் செய்த ஒப்பந்தத்திற்கு மதிப்புண்டு. ஆனால், மறுத்தால் வாய்ப்பே இல்லை என்னும் நிலையில் இருப்பவரின் இசைவு எத்துணை உரிமையுடைய இசைவு? கூலி, உழைத்த நேரத்துக்கு விலை. பெயரோ, அவ்வுழைப்பு இன்னாருடையது என்னும் உண்மை. நேரத்தை விற்கலாம், உண்மையை விற்றாலும் அது பொய்யாகிவிடாது. வாங்கியவரிடம் ஒரு மறைப்பு மட்டுமே மிஞ்சும்.

இரண்டாவது, கலை வாதம். கலை என்பதே மாயைதானே? மழை குழாய் நீர், இரவு கருந்துணி, குரல் மட்டும் உண்மையாக இருக்க வேண்டுமா? இதிலும் ஓர் உண்மை உண்டு. காட்சியின் நடுவே வந்து, பாடுபவர் வேறொருவர் என யாரும் அறிவிக்க வேண்டியதில்லை. மாயை காட்சிக்கு உரியது. காட்சி முடிந்தபின் மாயைக்கு வேலையில்லை. குழாய் நீரை மழை எனக் காட்டுவதால் குழாய்க்கு இழப்பில்லை. ஒரு பெண்ணின் குரலை மற்றொருவருடையதாக என்றென்றும் நம்பவிடுவதால் அப்பெண்ணுக்கு இழப்புண்டு. பொருளை மறைப்பதும் மனிதரை மறைப்பதும் ஒன்றாகா.

மூன்றாவது, துறவு வாதம். புகழ் கருதாமல் பணி செய்வதன்றோ உயர்ந்த பண்பு? பெயர் வேண்டும் எனக் கேட்பது ஆசையன்றோ? பண்பட்ட உள்ளங்களைத் தடுமாறச் செய்யும் வாதம் இதுவே. இங்கே ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். தன் புகழைத் தானே துறப்பவர் அறவோர். பிறருடைய புகழைத் தாம் மறைத்துவிட்டு, அவரைத் துறவியாக இருக்கச் சொல்பவர் அறவோர் ஆகார். பயன் கருதாப் பணி என்பது உழைப்பவர் தமக்குத் தாமே வகுத்துக்கொள்ளும் நெறி. உழைப்பைப் பெறுபவர் அதனைச் சாக்காக எடுத்தாளுதல் முறையன்று.

இவ்வேறுபாட்டுக்கு அப்படத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஓ’கானர் தனித்து ஆடிப்பாடும் ‘மேக் எம் லாஃப்’ என்னும் நகைச்சுவைப் பாடல், 1948ஆம் ஆண்டில் ஃபிரீட் தயாரித்த ‘த பைரட்’ படத்திற்காகக் கோல் போர்ட்டர் இயற்றிய ‘பி எ க்ளவுன்’ என்னும் பாடலைப் பெரிதும் ஒத்தது. இயக்குநர் டோனனே பின்னாளில் அவ்வொற்றுமையை மறைக்கவில்லை. போர்ட்டரோ வழக்குத் தொடராமல் விட்டுவிட்டார். அவர் அமெரிக்க இசையுலகில் பெரும்புகழ் பெற்றவர். பேச வல்லவராக இருந்தும் பேசாதிருந்தார். அது பெருந்தன்மை. நோயிசின் அமைதிக்கு அப்பெயர் பொருந்துமா? வாய் திறக்கும் வலிமை உடையவர் அமைதி காப்பதும், அவ்வலிமை இல்லாதவர் அமைதியாக இருப்பதும் புறத்தே ஒன்றுபோல் தோன்றும். உள்ளே அவை வெவ்வேறு.

வேறு வழியும் இருந்தது

அக்கால வழக்கம் அதுதான். வேறென்ன செய்திருக்க இயலும் எனச் சிலர் கேட்பர். வேறு வழி இருந்ததை அதே ஹாலிவுட் காட்டுகிறது. 1956ஆம் ஆண்டில் வெளிவந்த ‘த கிங் அண்ட் ஐ’ படத்தில் நாயகி டெபரா கெர்ருக்காகப் பாடியவர் மார்னி நிக்சன். அதனை வெளியே சொன்னால் இனித் தொழில் செய்ய இயலாது எனப் படநிறுவனத்தார் அவரை அச்சுறுத்தினர். உண்மையை வெளியிட்டவர் கெர்ரே. தமக்காகப் பாடியவர் நிக்சன் என்பதை அவர் செய்தியாளரிடம் மறைக்காமல் கூறினார். அதனால் அவர் புகழ் குறையவில்லை. 1961ஆம் ஆண்டின் ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ படத்தில் நாட்டலி வுட்டுக்காகவும் நிக்சன் பாடினார். அப்படத்தின் இசைத்தட்டு விற்பனையில் அவருக்குப் பங்கு இல்லை என்றபோது, இசையமைப்பாளர் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் தமக்கு வரவேண்டியதிலிருந்து கால் விழுக்காட்டை அவருக்கு விட்டுக்கொடுத்தார். தொகை சிறிது, அதன் பொருள் பெரிது. வழக்கம் எல்லாரையும் கட்டியிருந்தபோதும் மனச்சான்று உடையோர் இருவர் அதன் முடிச்சைத் தளர்த்தினர்.

தமிழ்த் திரையுலகும் இவ்வகையில் நினைக்கத்தக்கது. பின்னணிப் பாடல் முறை அங்கு ஊன்றிய பின்னர்ப் பாடகர் மறைக்கப்படவில்லை. டி. எம். சௌந்தரராஜன், பி. சுசீலா போன்றோரின் பெயர்கள் படத்தின் முகப்பிலும் இசைத்தட்டிலும் வானொலி அறிவிப்பிலும் இடம்பெற்றன. நடிகர் வாயசைக்கிறார், பாடுபவர் வேறொருவர் என்பதை எல்லாரும் அறிவர். அறிந்தும் காட்சியின் இன்பம் அவர்களுக்குக் குறைந்ததில்லை. 1968ஆம் ஆண்டில் வெளிவந்த ‘உயர்ந்த மனிதன்’ படத்தில் பாடியமைக்காகச் சுசீலா இந்திய அரசின் தேசிய விருதைப் பெற்றார். மறைந்து நின்ற குரலை ஓர் அரசே முன்னழைத்துச் சிறப்பித்தது. மாயை கெட்டுவிடும் என்னும் வாதத்திற்கு இதனினும் தெளிவான மறுப்பு வேண்டுவதில்லை. ஆயினும், நிறைவு கொள்ளவும் இயலாது. அதே பாடல்களில் குழல் ஊதியவரும், வீணை மீட்டியவரும், குழுவாகப் பாடியவரும் எத்துணைப் பேருக்குப் பெயரளவில் தெரிவர்? எந்த நாட்டிலும் எந்தக் கலையிலும் உயர்த்தப்படாத திரை ஒன்று எஞ்சியே இருக்கிறது.

இக்காலத் திரைப்படங்களின் இறுதியில் நூற்றுக்கணக்கான பெயர்கள் வரிசையாக ஓடுகின்றன. இது வளர்ச்சியே. ஆனால், அவை ஓடும்போது அரங்கிலுள்ளோர் எழுந்து வெளியே செல்கின்றனர். பெயரை அச்சிடுவதோடு நன்றி முடிந்துவிடவில்லை. அதனை ஒருவர் படித்து, இன்னார் இதனைச் செய்தார் என உணரும்போதே அது நிறைவு பெறுகிறது. வள்ளுவர் செய்ந்நன்றி அறிதல் என அதிகாரத்திற்குப் பெயரிட்டார். அறிதல் என்பதே அங்குச் சொல். அறியாமல் செலுத்தும் நன்றி வெறும் சடங்காய் முடியும்.

ஒரு பள்ளியின் கலைவிழாவை எண்ணிப் பார்க்கலாம். மேடையில் அரசனாக நடித்த மாணவனுக்குக் கைதட்டல் கிடைக்கிறது. அவனுக்கு வசனம் எடுத்துக்கொடுத்துக்கொண்டே மறைவில் நின்றவன் ஒருவன். நாற்காலிகளைச் சுமந்து அடுக்கியவன் ஒருவன். வீட்டுச் சேலையை வெட்டி முடியரசனுக்கு மேலாடை தைத்துக்கொடுத்த தாய் ஒருத்தி. நன்றியுரை ஆற்றுபவர் ‘மற்றும் பலர்’ என்னும் இரு சொற்களில் அவர்களை முடித்துவிடுவது எளிது. அவ்விரு சொற்களுக்குள் எத்துணைப் பேர் புதைந்து கிடக்கின்றனர்! ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்க மூன்று மணித்துளிகள் கூடுதலாகும். அம்மூன்று மணித்துளிகளில், உழைப்பு என்பது இன்னாருடையது என்னும் உண்மையை மாணவர் கற்றுக்கொள்வர். எந்தப் பாடநூலும் அதனை அத்துணைத் தெளிவாகக் கற்பிக்காது.

வுட் யூ என்னும் பாடல் இன்றும் கேட்கப்படுகிறது. திரையில் வாயசைப்பவள் லினா. ஒலிவாங்கியின் முன் நின்று பாடுவதாகக் காட்டப்படுபவள் கேத்தி. அவளாக நடிப்பவர் ரெனால்ட்ஸ். இம்மூன்று பெயர்களுக்கும் பின்னே நான்காவதாக ஒருவர் நின்று பாடுகிறார். அதனை அடுத்து ஒருமுறை கேட்பவர், அது பெட்டி நோயிசின் குரல் என அருகில் இருப்பவரிடம் சொல்லட்டும்.